ஓடுகிற எந்திரத்தில் கை வைக்கலாமா? பட்டு டிசைன் கம்ப்யூட்டருக்கு வந்த சோதனை!

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் ஒரு வீடு. முன் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். திரையில் ஒரு மயில். கிட்டே போய்ப் பார்த்தால் மயில் இல்லை. கட்டம் கட்டமாக வெறும் புள்ளிகள்தான்!

அதில் ஒரு புள்ளி தப்பினால் போதும். முந்தியில் மயிலின் மூக்கு கோணலாகிவிடும். ஒரு மயிலுக்கு அல்ல, வரிசையில் எத்தனை மயிலோ அத்தனைக்கும் கோணல் மூக்கு!

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் மயிலுக்கு முன்னால் ஓர் அறிவிப்பு வந்து மறிக்கிறது. "விண்டோஸ் 10-க்குக் கெடு முடிந்துவிட்டது, 11-க்கு மாறுங்கள்" என்பது அதன் சாரம்.

"என்னாண்ணா இது, தெனமும் வந்து நிக்குது?" என்கிறான் டிசைன் போடும் பையன்.

"அதுல கை வெக்காதடா. மூடிட்டு வேலையப் பாரு" என்கிறார் முதலாளி.

கடைக்குப் பெயர் வேண்டாம். காஞ்சீபுரம் ஆகட்டும், ஆரணி ஆகட்டும், திருபுவனம் ஆகட்டும், கம்ப்யூட்டரில் பட்டு டிசைன் போடும் எந்த இடத்திலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. காந்தி ரோட்டு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவருக்கும், சங்கத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கும் இதே தலைவலிதான்.

கை வைக்கலாமா, கூடாதா?

கெடு முடிந்தது

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-ந்தேதி. "இதுதான் கடைசி விண்டோஸ்" என்று மைக்ரோசாப்ட் கம்பெனிக்காரர் ஒருவரே அந்த வருடம் மேடையில் பேசினார். கேட்டவர்கள் நம்பினார்கள். ஆனால் 2021 அக்டோபர் 5-ந்தேதி விண்டோஸ் 11 வந்து நின்றது. 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு பத்துக்குத் தரும் இலவசப் பராமரிப்பைக் கம்பெனி நிறுத்தியது.

நிறுத்தியதும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டதா? இல்லை! மறுநாள் காலையும் ஓடியது. இன்னும் ஓடும்.

ஓட்டு வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். வருடா வருடம் மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் வருவார். இனி அவர் வரமாட்டார், அவ்வளவுதான். வீடு இடியாது. ஆனால் எந்த ஓடு எப்போது உடைகிறதோ, அந்த இடத்தில் ஒழுகும். கம்ப்யூட்டரில் ஒழுகுவது மழை அல்ல, திருடன்!

வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு வருடத் தவணையையும் கம்பெனி அறிவித்தது. 2026 அக்டோபர் 13-ந்தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கிடைக்கும். அதற்கு 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, கம்ப்யூட்டரின் அமைப்புகளை அவர்கள் இணையக் கிடங்கில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் இல்லை. பெரிய நிறுவனங்களுக்கு மூன்று வருடம் வரை காசு கொடுத்து நீட்டிக்க வழி வைத்தார்கள். ஆனால் வருடத்துக்கு வருடம் கட்டணம் இரண்டு மடங்கு!

இந்தக் கம்பெனி வைக்கும் கெடு ஒன்றும் புதிது அல்ல. அத்திவரதர் 1979-ல் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளியபோது விண்டோஸ் என்று ஒன்று பிறக்கவே இல்லை. முதல் விண்டோஸ் வந்தது 1985-ல். 2019-ல் அவர் மறுபடி எழுந்தருளியபோது 95, 98, எக்ஸ்பி, விஸ்டா எல்லாம் வந்து போய்விட்டன. விண்டோஸ் 7-க்கு ஆறு மாதம்தான் கெடு பாக்கி இருந்தது. பெருமாள் குளத்துக்குள் ஒருமுறை இருந்துவிட்டு வருவதற்குள் இத்தனை அவதாரம்!

தறிதான் தாத்தா

வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டருக்குத் தாத்தாவே நெசவுத் தறிதான்.

பிரான்சு நாட்டில் லியான் என்ற பட்டு நெசவு ஊர். அங்கே ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர் 1804-ல் ஒரு பெட்டியைச் செய்தார். அட்டையில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையைக் கொண்டு பாவு நூலைத் தூக்க வைத்தார். ஓட்டை இருந்தால் நூல் எழும். இல்லாவிட்டால் எழாது. நம்ம ஊர் நெசவாளி "ஜக்கார்டு பெட்டி" என்று சொல்லுவது அவருடைய பெயரைத்தான்!

அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்குத் திட்டம் போட்டார். 24 ஆயிரம் அட்டைகள் வைத்து 1839-ல் பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றைத் தன் வீட்டில் வைத்திருந்தார். பிறகு அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் என்பவர் ஓட்டை அட்டையைக் கொண்டே 1890 மக்கள்தொகைக் கணக்கை எடுத்தார். அவர் தொடங்கிய கம்பெனி, வேறு கம்பெனிகளோடு சேர்ந்து ஐ.பி.எம். ஆனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜக்கார்டு பெட்டி வந்தபோது லியான் நெசவாளர்கள் அதைக் கைதட்டி வரவேற்கவில்லை. பிழைப்பு போய்விடும் என்று எதிர்த்தார்கள். காஞ்சியிலும் ஜக்கார்டுக்கு முன்னால் "அடை" கட்டி டிசைன் போட்ட காலம் ஒன்று உண்டு. 'பழையதிலேயே இருப்பதா, புதியதுக்குப் போவதா' என்ற கேள்வி தறிக்காரனுக்குப் பரம்பரைச் சொத்து!

இப்போது கடைகளில் என்ன நடக்கிறது? முன்பு கிராப் தாளில் கட்டம் கட்டமாகச் சாயம் வைத்து டிசைன் போடுவார்கள். தாழம்பூ ரேக்கு, யாளி, இருதலைப்பட்சி, கோபுரக்கரை எல்லாம் தாளில்தான். அதைப் பார்த்து ஒருவர் அட்டையில் ஓட்டை போடுவார். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. பெரிய முந்தி என்றால் அட்டை ஆயிரக்கணக்கில் போகும்.

தாளின் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. டிசைனைத் திரையில் போட்டு, கம்பி வழியாகப் பஞ்சிங் எந்திரத்துக்கு அனுப்பினால் அதுவே ஓட்டை போட்டுத் தள்ளும். மின்சார ஜக்கார்டு வைத்திருக்கும் இடத்தில் அட்டையும் இல்லை. பென் டிரைவில் டிசைனை ஏற்றிச் செருகினால் சரி.

ஆக, முன் அறையில் இருப்பது சும்மா ஒரு பெட்டி அல்ல. அது நின்றால் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் புது டிசைன் இல்லை. முகூர்த்த நாள் நெருங்கும்போது கல்யாணச் சேலைக்கு வாக்குக் கொடுத்த கடைக்காரர் வாசலில் நிற்பார். தறியில் உட்காரும் நெசவாளிக்கோ, நெய்தால்தான் கூலி.

அரை மணி நேர வைத்தியம்

முதலாளி கடைசியில் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார். பேச்சு இப்படிப் போகும்:

"அரை மணி நேரம் குடுங்கண்ணா. பதினொண்ணு போட்டுட்டுப் போறேன்."

"இந்த மெஷின்ல ஏறுமா தம்பி?"

"நேரா ஏறாது. வேற வழி இருக்கு."

அந்த "வேற வழி" என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விண்டோஸ் 11 ஏறுவதற்குச் சில தகுதிகள் வேண்டும். நினைவகம் 4 ஜி.பி., வட்டில் 64 ஜி.பி. இடம். இது எல்லாரிடமும் இருக்கும். தடுக்கி விழுவது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, டி.பி.எம். 2.0 என்ற பூட்டுச் சிப்பு. இரண்டு, பிராசசரின் தலைமுறை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். அது 2017-ல்தான் வந்தது. கம்ப்யூட்டரின் விவரப் பக்கத்தைத் திறந்தால் ஐ3, ஐ5 என்ற பெயருக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். 7400 என்றால் ஏழாம் தலைமுறை, ஏறாது. 8400 என்றால் எட்டு, ஏறும். பூட்டுச் சிப்பு இருந்தும் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும் எந்திரங்களும் உண்டு. அதை ஆன் செய்தால் போதும். அதற்குக்கூடப் புது எந்திரம் வாங்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை!

தகுதியுள்ள எந்திரத்தில் அசல் விண்டோஸ் 10 இருந்தால், பதினொன்றுக்கு மாறக் காசு இல்லை. தகுதி இல்லாத எந்திரத்தில் சோதனையை ஏமாற்றிப் பதினொன்றைத் திணிக்க முடியும். மெக்கானிக் சொன்ன "வேற வழி" அதுதான். அப்படி ஏற்றினால் ஓடலாம். ஆனால் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. ஓடு மாற்ற ஆள் வரவேண்டும் என்பதற்காகத்தானே வீடு மாறுகிறோம்? ஆள் வருவாரா என்று தெரியாத வீட்டுக்கு எதற்கு மாறுவது?

திருட்டு விண்டோஸ் பற்றி ஒரே வார்த்தை. பூட்டை உடைத்துக் கொடுத்தவன் ஒரு சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை என்று யார் கண்டது?

தொங்குகிற சாமான்கள்

மெக்கானிக் சொல்லாத விஷயம் இன்னொன்று உண்டு. அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

டிசைன் கம்ப்யூட்டர் தனி மரம் அல்ல. அதன் கிளைகளில் பல சாமான்கள் தொங்குகின்றன. முதலாவது டாங்கிள். டிசைன் சாப்ட்வேர் வாங்கும்போது கொடுக்கிற விரல் நீளக் கட்டை. அதைச் செருகினால்தான் சாப்ட்வேர் திறக்கும். அடுத்தது பஞ்சிங் எந்திரம். அதன் கம்பி, பின்பக்கம் உள்ள பழைய வகைத் துளையில் செருகியிருக்கும். இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அந்தத் துளையே இருக்காது.

இந்த இரண்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே "டிரைவர்" என்று ஒரு சின்ன புரோகிராம் துபாஷி வேலை பார்க்கிறது. பழைய டிரைவர்கள் பல 32 பிட் விண்டோசுக்காக எழுதியவை. விண்டோஸ் 11-ல் 32 பிட் வகையே கிடையாது. எல்லாம் 64 பிட். துபாஷி வெளியே நிற்பார், உள்ளே விடமாட்டார்கள்! டாங்கிளைச் செருகினாலும் சாப்ட்வேர் வாய் திறக்காது.

கணக்குப் பிரிவிலும் இதே கதை. தொண்ணூறுகளில் டாஸ் காலத்தில் எழுதிய கணக்கு புரோகிராம்கள் இன்னும் சில இடங்களில் மூச்சு விடுகின்றன. 32 பிட் விண்டோஸ் 10 வரை அவை எப்படியோ நொண்டி ஓடின. 64 பிட்டில் நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவசச் சாப்ட்வேருக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அதிலிருந்து பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் எடுப்பது தனிக் குஸ்தி.

ஆகவே "ஓடுகிற எந்திரத்தில் கை வைக்காதே" என்று முதலாளி சொன்னது வெறும் பயம் அல்ல. அதில் நியாயம் இருக்கிறது.

புதுத் திருத்தமே ஆளைக் கவிழ்த்த சம்பவமும் உண்டு. 2024 ஜூலை 19-ந்தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு தவறான திருத்தத்தால் உலகம் முழுவதும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்கு போர்டிங் பாசைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! புதிது வந்த அன்றே பாய்ந்து ஏற்றாமல் சில வாரம் பொறுத்திருந்து பார்க்கிறவனைக் கோழை என்று சொல்ல முடியாது.

திருப்பதிக்கே வந்த வினை

அப்படியானால் பழையதிலேயே இருந்துவிடலாமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

2017 மே 12-ந்தேதி "வான்னகிரை" என்ற கிருமி கிளம்பியது. கம்ப்யூட்டருக்குள் புகுந்து எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிடும். "300 டாலர் கொடு, திறந்து விடுகிறேன்" என்று திரையில் சீட்டு ஒட்டும். சில நாளில் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

நம் பக்கத்து மாநிலத்தையும் அது விடவில்லை. ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர்கள் மாட்டின. திருப்பதி தேவஸ்தான அலுவலகத்தின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. பக்தர்களுக்கான சேவை பாதிக்கப்படவில்லை என்று தேவஸ்தானம் அப்போது தெரிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கிருமி நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்னதாக, மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது! ஏற்றிக்கொண்டவர்கள் தப்பினார்கள். மாட்டியவர்களில் பெரும்பாலோர் விண்டோஸ் 7 வைத்திருந்தவர்கள். அப்போது 7-க்குக் கெடு முடியவில்லை. திருத்தம் வந்தும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள். கெடு முடிந்த எந்திரத்துக்கோ அப்படி ஒரு திருத்தம் வரும் என்று நம்பியிருக்க முடியாது.

டிசைன் கடையில் இது நடந்தால்? அப்பா காலத்து கிராப் தாளை எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றி வைத்த டிசைன்கள், கரை, புட்டா, முந்தி என்று சில ஆயிரம் கோப்புகள், அத்தனையும் ஒரே காலையில் பூட்டு! காசு கொடுத்தாலும் திறப்பான் என்பது நிச்சயம் இல்லை. சேலை போனால் வேறு நெய்யலாம். டிசைன் போனால், அதைப் போட்ட கை இப்போது இருக்க வேண்டுமே!

ரிசர்வ் வங்கி சொன்னது

பணம் எடுக்கும் ஏ.டி.எம். எந்திரங்களுக்கும் இதே சோதனை வந்தது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ந்தேதியோடு கெடு முடிந்தும், நாட்டில் பல ஏ.டி.எம்.கள் அதிலேயே ஓடிக்கொண்டிருந்தன. ரிசர்வ் வங்கி எச்சரித்துப் பார்த்தது. பிறகு 2018 ஜூனில் கண்டிப்பான உத்தரவு போட்டது. செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, அடுத்த மார்ச்சுக்குள் முக்கால்வாசி, 2019 ஜூனுக்குள் முழுவதும் மாற்ற வேண்டும் என்று தவணை கட்டியது.

வங்கிக்கே ஒரு வருட அவகாசம் தேவைப்பட்டது. ஒரே ராத்திரியில் மாற்று என்று ரிசர்வ் வங்கியும் சொல்லவில்லை.

தமிழக அரசு 2014-ல் வேறு ஒரு வழியைப் பார்த்தது. எக்ஸ்பி போகும் நேரத்தில், "போஸ் லினக்ஸ்" என்ற இந்தியத் தயாரிப்புக்கு மாறும்படி துறைகளுக்கு அறிவுறுத்தியது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் அது. காசு கிடையாது. அரசுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் நிர்வாக இயக்குனராக இருந்த காலத்திலேயே சூசி லினக்சை வாங்கிப் பரப்பினார்கள். காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளான 2011 செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலும், விண்டோசோடு போஸ் லினக்சும் சேர்த்துக் கொடுத்தார்கள். எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்!

லினக்ஸ் பழைய எந்திரத்திலும் ஓடும், கெடு தொல்லையும் குறைவு. இணையம், கடிதம், பேங்க் வேலைக்கு நன்றாகவே போதும். ஆனால் டாங்கிள் போட்ட டிசைன் சாப்ட்வேர் அதில் ஓடாது. ஆபீசில் வானவில் எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கடிதங்களும், எழுத்துருவை ஏற்றாவிட்டால் புரியாத கிறுக்கலாகத் தெரியும். தறிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சாமான் "டிஜிபுனாய்". மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் செய்து கொடுத்திருக்கும் தறி டிசைன் சாப்ட்வேர். இலவசம், டாங்கிளும் இல்லை. தன் தறிக்குச் சரிப்படுமா என்று ஒரு சின்ன புட்டாவைப் போட்டுப் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. காஞ்சீபுரத்திலேயே மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. போய்க் கேட்க பஸ் ஏற வேண்டியதுகூட இல்லை.

மயில் வேறு, பில் வேறு

பல கடைகளில் நடக்கும் தப்பு எது தெரியுமா? ஒரே கம்ப்யூட்டரில் எல்லா வேலையும் செய்வதுதான். காலையில் மயில். மத்தியானம் ஜி.எஸ்.டி. கணக்கு. சாயங்காலம் பேங்க். நடுவில் பையன் சினிமாப் பாட்டு இறக்குவான். எல்லாம் அந்த ஒரே பெட்டி!

மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் இருப்பதே இதனால்தான். மயில் போடும் வேலைக்கு மாற்றுவது ஆபத்து. பேங்க் வேலைக்கு மாற்றாமல் இருப்பது ஆபத்து. ஒரே எந்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் எப்படிப் பதில் சொல்வது?

பிரித்துவிட்டால் கதை தெளிவாகிவிடுகிறது. பணமும் இணையமும் போகும் கம்ப்யூட்டர் புதிதாக, திருத்தம் வருகிற நிலையில் இருந்தே ஆகவேண்டும். அதில் தயவு தாட்சண்யம் கூடாது. காலம் தாழ்த்தினால் ஒருநாள் பிரவுசரே கைவிட்டுவிடும். விண்டோஸ் 7-ல் குரோம் பிரவுசரின் புதுப்பதிப்புகள் 2023 தொடக்கத்தோடு நின்றுபோனது நினைவிருக்கலாம். இந்த வேலைக்குப் பெரிய எந்திரம் தேவை இல்லை. பதினொன்றுக்குத் தகுதியான, இரண்டாம் கையாக வரும் ஆபீஸ் கம்ப்யூட்டர் போதும். லினக்ஸ் தெரிந்தால் அதுவும் போதும்.

பஞ்சிங் எந்திரத்தோடு கட்டிப்போட்ட பழைய கம்ப்யூட்டர் அப்படியே இருக்கட்டும். ஆனால் இணைய வயரைப் பிடுங்கிவிட வேண்டும். வைபை இருந்தால் அணைத்துவிட வேண்டும். "மெதுவா ஓடுது" என்று யாராவது சொன்னால், அது வேறு வியாதி. பழைய சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் கிழவனும் குமரன் ஆவான். அதற்காக விண்டோசை மாற்ற வேண்டியது இல்லை.

வயரைப் பிடுங்கியதும் தூங்கிவிடக் கூடாது. பென் டிரைவ் இருக்கிறதே! 2010-ல் தெரியவந்த "ஸ்டக்ஸ்நெட்" என்ற கிருமி, இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரான் அணு நிலையத்துக்குள் பென் டிரைவ் வழியாகத்தான் போனது என்கிறார்கள். அதிகம் பாதித்த நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருந்தது. அணு நிலையத்துக்கே அந்தக் கதி என்றால் பிள்ளையார்பாளையம் எம்மாத்திரம்? டிசைன் கொண்டுபோக ஒரு பென் டிரைவைத் தனியாக ஒதுக்கி, அதற்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டி, ஜெராக்ஸ் கடைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை. அது டிசைன்களை நகல் எடுப்பது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சாப்ட்வேரின் சொந்த வடிவில் மட்டும் நகல் எடுத்தால், அந்தச் சாப்ட்வேர் செத்தால் டிசைனும் செத்தது. ஒவ்வொரு டிசைனையும் பி.எம்.பி. படமாகவும் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். அதில் ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி, கிராப் தாள் மாதிரியே அப்படியே நிற்கும். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். ஜேபெக் படமாக எடுத்தால் போச்சு. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அது புள்ளிகளைக் குழைத்துவிடும். டிசைனை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி, அதையே திருப்பி இறக்கித் தறிக்குக் கொண்டுபோனவர்கள் கோணல் மூக்கு மயிலைப் பார்த்திருப்பார்கள்!

நகலும் இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று கடையில், ஒன்று வேறு வீட்டில். இரண்டும் கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தால் கிருமி மூன்றையும் சேர்த்தே பூட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

மறுபடியும் அந்த முன் அறை. ஞாயிற்றுக்கிழமை.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் முதலாளி எழுதுகிறார்: டாங்கிள், பஞ்சிங் கம்பி, பிரிண்டர், டிசைன், பேங்க், ஜி.எஸ்.டி. முதல் நான்கையும் ஒரு கோட்டால் வளைக்கிறார். கடைசி இரண்டை இன்னொரு கோட்டால்.

"அப்ப பேங்க் வேலை இதுல வேணாமாண்ணா?" பையன் கேட்கிறான்.

"வேணாம். உன் பாட்டும் வேணாம்."

இணைய வயரை அவரே பிடுங்குகிறார். பையன் டிசைன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பி.எம்.பி.யாகச் சேமிக்கிறான். மத்தியானம் வரை கரை வரிசை மட்டும்தான் முடிந்தது. புட்டாவும் முந்தியும் பாக்கி. நகல் வட்டில் ஒன்று செவிலிமேட்டில் இருக்கும் மச்சான் வீட்டு பீரோவுக்குப் போகப்போகிறது.

"இந்த மெஷினே ஒருநாள் உக்காந்துட்டா?" என்கிறார் வீட்டுக்கார அம்மா, காபி டம்ளரை வைத்தபடி.

அது சரியான கேள்வி. பழைய எந்திரத்துக்கு இணைய ஆபத்து நீங்கினாலும் வயசு நீங்காது. அதே மாதிரி பழைய பெட்டி இன்னொன்றை மலிவாக வாங்கி, வட்டை அப்படியே படி எடுத்துத் தயாராக வைக்கலாம். டாங்கிளுக்குத்தான் படி எடுக்க முடியாது. புதிய விண்டோசுக்கு ஏற்ற பதிப்பும் டாங்கிளும் உண்டா, உண்டென்றால் என்ன விலை என்று, விற்ற கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

சாப்ட்வேர் வாங்கியபோது கொடுத்த அட்டையைத் தேடி எடுத்து, அதில் இருந்த எண்ணுக்கு முதலாளி போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா, திங்கட்கிழமை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.